மோலி மீனும் ஆர்.ஓ. தண்ணீரும்

பிள்ளையார்பாளையத்தில் தண்ணீர் விஷயத்தில் வடிவாம்பாளிடம் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. முப்பது வருடமாகப் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவள். ஒரு மடக்கு வாயில் வைத்துப் பார்த்தே, இது நூலுக்கு ஆகும், இது ஆகாது என்று சொல்லிவிடுவாள். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அதனால் வெளிர் நிறங்களுக்கென்றே பட்டறையில் ஓர் ஆர்.ஓ. மெஷின் வைத்திருந்தாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஐம்பத்திரண்டு வயதில் மீன் வளர்க்கும் ஆசை வந்தது. ஸ்டேஷன் ரோட்டில் ஷாரோன் என்ற பெண் புதிதாக வண்ணமீன் கடை திறந்திருந்தாள். அங்கே கன்னங்கரேலென்று ஆறு மோலி மீன்களைப் பார்த்ததும் வடிவாம்பாளுக்கு மனசு தாங்கவில்லை, வாங்கிவிட்டாள்.

"எந்தத் தண்ணி ஊத்தப் போறீங்கக்கா?" என்று கேட்டாள் ஷாரோன்.

"தண்ணிய பத்தி எனக்கே சொல்றியாமா?" என்று சிரித்துவிட்டு வந்துவிட்டாள். அங்கேயே ஒரு நிமிஷம் நின்று கேட்டிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

பட்டறையில் இருந்ததிலேயே உசத்தியான ஆர்.ஓ. தண்ணீரைத் தொட்டி நிறைய ஊற்றினாள். நாலாம் நாள் மீன்கள் ஒரே இடத்தில் நின்று உடம்பை ஆட்டத் தொடங்கின. ஒரு வாரத்தில் ஆறும் போய்விட்டன. மறுபடி ஆறு வாங்கினாள். அதிலும் நாலு செத்தன. தண்ணீர் மேல் அவளுக்குத் துளி சந்தேகம் வரவில்லை. இதுவும் சாகத்தான் போகிறது என்று மிச்சம் இரண்டையும் கொல்லைப்புற டிரம்மில் கிடந்த போர் தண்ணீரில் விட்டுவிட்டு, தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பேசி அனுப்பினாள்: "ஸ்டேஷன் ரோட்டு கடைல மீனு வாங்காதீங்கபா. எல்லாம் சீக்கு மீனு."

வடிவாம்பாள் சொன்னால் தெரு கேட்கும். கேட்டது. ஷாரோன் கடையில் ஈ ஓட்டினாள்.

மூன்று வாரம் கழித்து டிரம்மைக் கழுவப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு மோலிகளும் பாசியைக் கொறித்துக்கொண்டு திரிந்தன. கூடவே கடுகளவு கண்ணோடு பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள். பட்டுக்கு ஆகாது என்று அவள் ஒதுக்கிய தண்ணீரில் குடும்பமே நடத்தியிருக்கின்றன.

யாரும் பார்க்கவில்லை. வேறொருவராயிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார். இவள் இரண்டு தண்ணீரையும் தனித்தனி பாட்டிலில் பிடித்துக்கொண்டு நேரே ஷாரோன் கடைக்குப் போனாள்.

ஷாரோன் உப்பு அளக்கும் மீட்டரை இரண்டிலும் விட்டுப் பார்த்தாள். "ஆர்.ஓ. தண்ணி ரொம்ப சுத்தம்க்கா. உப்பு, சுண்ணாம்பு ஒன்னுமே இல்ல. அதுல மோலி தாங்காது. இதுக்கு உங்க போர் தண்ணியே போதும். சில மீனுக்கு ரெண்டையும் கலந்து ஊத்தணும்."

"கடைக்கு யாருமே வர்றதில்லியாமா?"

"மாசக் கடைசில மூடிடலாம்னு இருக்கேங்க்கா."

வடிவாம்பாள் இன்னொரு முறை குரூப்பில் பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் சாயம் தப்பிப் போனால் அவள் ஆள் விட்டுச் சொல்லி அனுப்புகிறவள் இல்லை. கெட்ட நூலைக் கையில் எடுத்துக்கொண்டு தானே நெசவுக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்பாள். அன்றைக்கும் ஆர்.ஓ. பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனையிலிருந்து வீடு வீடாக ஏறினாள்.

சாயம் போட அவளிடம் வருடக்கணக்கில் நூல் கொடுக்கிற நெசவுக்காரர் காசிநாதன் பதறிப்போனார். "ஏன் வடிவு, நீயே தண்ணி தப்பா எடுத்தேன்னு சொல்லிக்கினு திரிஞ்சா, நாளைக்கி உங்கிட்ட நூலு குடுக்கறவன் யோசிக்க மாட்டானா?"

"யோசிக்கட்டும்பா. மொத ஆறு மீனு செத்தப்பவே நான் யோசிச்சிருக்கணும். என் தப்புக்கு அந்தப் பொண்ணு ஏன் கடைய மூடணும்?"

சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.