பின்னாலிருந்து கூப்பிடவில்லை

உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் யார் பழைய கார் வாங்கினாலும், எல்லப்பன் வந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் வாங்குவார்கள். பெண் பார்க்கப் போகும்போதுகூட மாமன்காரனுக்கு இத்தனை மரியாதை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். அவன் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. தறிக்குழியில் கால் வைக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்து, சின்ன வயசிலேயே காஞ்சிபுரத்தில் ஒரு லாரிப் பட்டறைக்கு ஓடிப்போனவன். திரும்பி வந்தபோது ஊரில் வேறு யாருக்கும் தெரியாத தொழில் ஒன்று கையில் இருந்தது.

அவன் வண்டி பார்க்கிற விதமே தனி. பெயின்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். "பளபளப்பு வோணும்னா பட்டுப்பொடவ எடுத்துக்கினு போய்யா, வண்டி இன்னாத்துக்கு உனக்கு?" என்று கூட்டிக்கொண்டு போனவனையே ஒரு வாங்கு வாங்குவான். விடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பான். முதல் வேலை, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பது. சூடாக இருந்தால் வண்டிக்காரன் முன்கூட்டியே கிளப்பி வைத்திருக்கிறான், இன்ஜினில் ஏதோ வியாதியை மறைக்கிறான். அதற்குமேல் பேச்சே கிடையாது, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

பிறகு, பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய காந்தத்தைத் துணியில் சுற்றி மட்கார்டு மேல் தடவிக்கொண்டே போவான். காந்தம் ஒட்டாமல் நழுவுகிற இடத்தில் தகரம் இல்லை, துருவை அடைத்துப் பூசிய பட்டிதான். கால்மிதியைத் தூக்கிவிட்டுத் தரையை விரலால் சுரண்டுவான். கடைசியாகத்தான் பிரேக். மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு முப்பது எண்ணுவான். கால் மெல்ல உள்ளே இறங்கினால் எங்கேயோ பிரேக் ஆயில் ஒழுகுகிறது. அந்தக் காலத்து வண்டிக்கு நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில்தான். ஒன்றில் ஒழுகினால் நாலும் போச்சு. "கிளம்பாத வண்டியால எவனும் சாவ மாட்டான். நிக்காத வண்டியாலதான் சாவான்" என்பான்.

அவனுக்கென்று இருந்தது ஒரே உயிர், தங்கை கனகா. அப்பா அம்மா போன பிறகு வளர்த்து, காஞ்சிபுரத்துக் கோபாலுக்குக் கட்டிக்கொடுத்தான். தங்கைக்கு ஒரு வழி பண்ணிவிட்டுத் தன் கல்யாணத்தைப் பார்க்கலாம் என்று இருந்தவன், அப்படியே இருந்துவிட்டான். கோபாலுக்கும் தறி பிடிக்கவில்லை. டாக்ஸி ஓட்டப் போகிறேன் என்று கனகாவைக் கூட்டிக்கொண்டு உத்திரமேரூருக்கே, மச்சான் வீட்டுக்கே வந்துவிட்டான். எல்லப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கை பக்கத்திலேயே இருப்பாள், வேறென்ன வேண்டும்?

எழுபத்தெட்டாம் வருஷம் ஆனி மாதக் கடைசியில் ஒரு அம்பாசிடர் கிடைத்தது. செத்துப்போன ஒரு டாக்டருடையது. எல்லப்பன் பானெட்டைத் தொட்டான், ஜில்லென்றிருந்தது. காந்தம் எங்கேயும் நழுவவில்லை. வேறு பேட்டரி மாட்டியதும் இன்ஜின் முதல் சுற்றிலேயே கிளம்பியது. ஒரே குறை, வண்டி இரண்டு வருஷமாக ஷெட்டில் நின்றபடியே இருந்தது.

"நின்ன வண்டிய நம்பக்கூடாது மாப்ள. உள்ள ரப்பர் வாஷர்லாம் காஞ்சி வெடிச்சிப் போயிருக்கும். ஒரு வாரம் என்னாண்ட வுடு, நாலு சக்கரத்தையும் அவுத்து மாத்திக் குடுக்கறேன்."

"ஒரு வாரமா? இன்னா மச்சான் நீ! நாளன்னிக்கு ஆடி பொறக்குது. ஆடில எவனாச்சும் வண்டி எடுப்பானா? நாளைக்கு வுட்டா ஒரு மாசம் பேஜாரு" என்றான் கோபால்.

எல்லப்பனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவன் மட்டும் என்ன, ஆடியில் ஒரு ஸ்பானர்கூடப் புதிதாக வாங்காதவன். அன்று பகல் முழுக்க உட்கார்ந்து முன்சக்கரம் இரண்டையும் அவிழ்த்து வாஷர் மாற்றினான். பின்சக்கரத்தில் கை வைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மிதியை அழுத்தி முப்பது எண்ணினான். கால் இறங்கவில்லை. "சரி, நாளைக்குத் திருமுக்கூடல் பெருமாளை மட்டும் மெதுவாப் போய்ப் பாத்துட்டு, வண்டிய நேரா என்னாண்ட கொண்டாந்து வுடு" என்றான்.

மறுநாள் காலை வாசலில் வண்டிக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கல்யாணமாகி மூன்று வருஷமாகக் கனகாவுக்குக் குழந்தை இல்லை. பெருமாளிடம் அதையும் வேண்டிக்கொள்ளத்தான் அவ்வளவு ஆசையாகக் கிளம்பினாள். எல்லப்பனும் கூடப் போயிருக்கலாம். மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் போகக்கூடாதே! அதனால் நின்றுவிட்டான். "வரேண்ணா" என்று கனகா கையாட்டினாள். வண்டி பழங்களை நசுக்கிக்கொண்டு நகர்ந்தது.

நசுங்கிய பழத்தை ஓரமாகத் தள்ளலாம் என்று குனிந்தான். பின்சக்கரம் நின்றிருந்த இடத்தில் மண் ஈரமாக இருந்தது. எலுமிச்சைச் சாறுதானே என்று விரலால் தொட்டான். வழவழவென்றிருந்தது. முகர்ந்து பார்த்தான்.

பிரேக் ஆயில்.

நிமிர்ந்தான். எதிரே ஒரு வைக்கோல் வண்டி வந்ததால் கார் தெருக் குழாயருகே ஒதுங்கி நின்றிருந்தது. பின்கண்ணாடி வழியாகக் கனகாவின் தலைப்பூ தெரிந்தது. ஒரே ஒரு சத்தம் போட்டால் போதும். வாயைத் திறந்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

முதன்முதலாகக் கிளம்பிய வண்டி, பிள்ளை வரம் கேட்கப் போகிற தங்கை. அவளைப் பின்னாலிருந்து கூப்பிடுவதா? அபசகுனம் என்று சின்ன வயசில் அதற்காக அம்மாவிடம் எத்தனை அறை வாங்கியிருக்கிறான்! ஊர் எல்லைப் பிள்ளையாரிடம் எப்படியும் நிறுத்தித் தேங்காய் உடைப்பார்கள், சைக்கிளில் போய் முன்னால் நின்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். பாவி, அப்படித்தான் நினைத்தான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையார் முன்னால் யாரும் இல்லை. ராகு காலம் வருவதற்குள் கோயிலுக்குப் போய்விட வேண்டும் என்று அவர்கள் நிற்காமலே போய்விட்டார்கள். எல்லப்பன் உயிரைக் கொடுத்து மிதித்தான். வழியில் ஓர் ஏரிக்கரையில் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. குறுக்கே வந்த எருமைக்காகக் கோபால் பிரேக்கை மிதித்திருக்கிறான். மிதி தரையோடு போய்விட்டது. வண்டி கரையிலிருந்து இறங்கிப் புளியமரத்தில் மோதியிருந்தது. கோபாலுக்கு அங்கேயே உயிர் போய்விட்டது. கனகாவுக்கு இடுப்பும் வலது காலும் முறிந்து, ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் கிடந்தாள். எழுந்து வந்தபோது அந்தக் கால் குட்டையாகிப் போயிருந்தது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "எல்லப்பன் பாத்த வண்டிக்கே இப்படின்னா, அது விதிதான்." கனகாவும் அதைத்தான் நம்பினாள். "உன் கண்ணுக்கே தெரியலன்னா வேற யாருக்குண்ணா தெரியும்?" என்று அவனுக்கே ஆறுதல் சொன்னாள். அவனுக்கு நெஞ்சு வெந்துபோகும். ஒருநாளாவது யாராவது காறித் துப்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு வருஷம் எந்த வண்டியையும் தொடவில்லை. பிறகு பிழைப்புக்காகப் போக ஆரம்பித்தான். ஆனால் ஆள் மாறிப்போயிருந்தான். கல்யாண வண்டியோ, காதுகுத்து வண்டியோ, கிளம்பிப் போகிற வண்டியில் சின்னச் சத்தம் கேட்டாலும் போதும், "டேய், நில்லு! நில்லுடா!" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடுவான். பத்துக்கு ஒன்பது தடவை ஒன்றும் இருக்காது. நல்ல நேரத்தில் வாய் வைத்துவிட்டானே என்று பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். ஒரு மாப்பிள்ளை வீட்டார் அவனைக் கன்னத்திலேயே அறைந்தார்கள்.

அன்று உதடு வீங்கி வீட்டுக்கு வந்தான். ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த கனகா, நூலை விட்டுவிட்டு வந்து மஞ்சள் பற்றுப் போட்டாள்.

"ஏண்ணா இப்படி எல்லாரையும் பின்னால கூப்ட்டுக் கூப்ட்டு அடி வாங்கறே? உனக்கு இன்னாதான் ஆச்சு?"

ஐந்து வருஷமாகத் தொண்டையில் நின்றது அன்று வந்துவிட்டது. ஈர மண், ஆயில் வாசனை, திறந்த வாய், எல்லாவற்றையும் சொன்னான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

கனகா மஞ்சள் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு சொன்னாள்: "கூப்ட்டிருந்தா நானே உன்ன திட்டியிருப்பேண்ணா. நல்ல நாளும் அதுவுமா அறிவு கீதா இல்லியா உனக்குன்னு கேட்டிருப்பேன். வுடு."

எல்லப்பன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அவள் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுகை ஓய்ந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"வண்டி அப்போ எங்க நின்னுது?"

"குழாயாண்ட."

"நம்ம தெருக் குழாயாண்டயா? அவ்ளோ கிட்டயா?"

அவன் தலையை ஆட்டினான். அவள் மறுபடி ராட்டையில் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை குடத்தை எடுத்துக்கொண்டு கனகா தெருவில் இறங்கினாள். குழாய் இருந்தது ஐம்பது தப்படியில். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மூன்று தெரு தள்ளி, கோயில் பக்கத்து அடிபம்புக்குப் போனாள். நிறைகுடத்தை அந்த இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு இடத்தில் இறக்கி இறக்கி, விந்தி விந்தி வந்தாள். எல்லப்பன் ஓடிப்போய், "குடும்மா, நான் எடுத்தாறேன்" என்று கை நீட்டினான்.

"பரவால்லண்ணா" என்றாள். குடத்தைக் கொடுக்கவில்லை.

அவன்மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. வேளைக்குச் சோறு போட்டாள், காய்ச்சலில் கஞ்சி வைத்தாள், ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் அவன் உயிரோடு இருந்த வரைக்கும் அந்தத் தெருக் குழாயில் அவள் ஒரு குடம் தண்ணீர் பிடிக்கவில்லை.