டாம்சன் அறிந்த மலை

ஐவி கேப்ஸ்டிக் குதிரை ஏறப் பழகியது திருமணத்துக்குப் பிறகுதான். கல்குவாரித் தொழிலாளியின் மகள் அவள். பிறந்த வீட்டில் நாய்கூடக் கிடையாது. ராவன்ஷா மலையடிவாரத்துப் பண்ணைக்கு டெரிக்கின் மனைவியாக வந்த முதல் இலையுதிர்காலத்தில், ஆடுகளை மலையிலிருந்து இறக்கும் நாளன்று, அவன் ஒரு கறுத்த மட்டக்குதிரையைக் கொண்டுவந்து அவள் முன் நிறுத்தினான். சேணத்தின் வாரை இறுக்கியபடி அவன் சொன்ன பாடம் மிகச் சிறியது.

“இங்க பாரு புள்ள, மேல போனதும் கடிவாளத்தைத் தளர விட்டுரு. வழி அதுக்குத் தெரியும். நீ விழாம இருந்தா போதும்.”

“விழுந்துட்டேன்னா?”

“அது நின்னுக்கும். நீ கத்தாத, ஆடுங்க மிரண்டுரும்.”

அன்று நண்பகலில் மூடுபனி இறங்கியது. குதிரையின் காதுகளுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஐவி கடிவாளத்தை விட்டுவிட்டுப் பிடரி மயிரைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடினாள். குதிரை அவசரமின்றி நடந்தது, ஓடைகளைத் தாண்டியது, ஓரிடத்தில் நின்று, மண்ணை முகர்ந்து, கோரைத் திட்டைச் சுற்றிக்கொண்டு போனது. அவள் கண்ணைத் திறந்தபோது பண்ணையின் புகைபோக்கி எதிரே நின்றது.

அந்தக் குதிரையின் மகள்தான் டாம்சன். பழுத்த டாம்சன் பழத்தின் கருநீல நிறம் என்பதால் அந்தப் பெயர். ஐவியின் மகள் ஜில் அதன் முதுகில்தான் ஏறக் கற்றாள்; பனிக்காலத்தில் பள்ளிப் பேருந்து நிற்குமிடம் வரை அதில்தான் போவாள். இறங்கி ஒரு தட்டுத் தட்டினால் டாம்சன் தானாக வீடு திரும்பிவிடும். வேலை முடிந்த வாரங்களில் சேணத்தைக் கழற்றி, வயலின் கல்சுவரில் இருந்த மலைக்கதவைத் திறந்துவிடுவார்கள். கேப்ஸ்டிக் குடும்பத்தின் பெட்டைக் குதிரைகள் மலைமேல்தான் ஆண்டு முழுவதும் கிடந்தன.

மேலே வேலி இல்லை. ஆயினும் அவை தமக்குரிய நிலத்தை விட்டு அகன்றதில்லை. எந்தக் கோரைக்கு அடியில் புதைசேறு, கோடையில் வற்றாத ஊற்று எது என்பதைக் குட்டி தாயின் பின்னால் நடந்தே கற்றுக்கொண்டது. எல்லாவற்றிலும் முக்கியமான பாடம் ஒன்று உண்டு. பனிப்புயல் வரும்போது கல்சுவரின் மறைவில் ஒதுங்கக் கூடாது. காற்று கொண்டுவரும் பனியெல்லாம் அங்கேதான் குவியும். மேலேறி முகட்டுக்குப் போக வேண்டும். அங்கே காற்று கடுமையாக இருக்கும். ஆனால் அதே காற்று பனியைத் துடைத்துப் புல்லை வெளியே காட்டும். இதை எந்த மனிதனும் அவற்றுக்குச் சொல்லித் தந்ததில்லை. தாயிடமிருந்து மகளுக்கு வந்தது அது. ஒரு தலைமுறை விட்டுப்போனால் சொல்லித்தர எவரும் இல்லை.

இதை ஐவி நன்கு அறிந்திருந்தாள். எனவேதான், மலையைப் பத்தாண்டுகளுக்கு மேய்ச்சலின்றி விடும் அரசுத் திட்டம் வந்தபோது, மேய்ச்சல் உரிமையுள்ள குடும்பங்களில் அவள் குடும்பம் மட்டும் கையெழுத்திட மறுத்தது. எல்லோரும் கையெழுத்திட்டால்தான் எவருக்கும் உதவித்தொகை கிடைக்கும் என்பது விதி. மேய்ச்சல் சங்கத் தலைவன் கோர்டன் ஃபாசெட் அவளுடன் ஒரே வகுப்பில் படித்தவன். நேரே சமையலறைக்கு வந்து உட்கார்ந்தான். ஐவி பழக்கேக்கும் பாலாடைக்கட்டியும் எடுத்து வைத்தாள்.

“ஊரே உன் வாயைப் பார்த்துக்கிட்டு இருக்கு ஐவி. ஆடு இறங்குது, மாடு இறங்குது. உன் நாலு குதிரை மட்டும் என்ன, மகாராணியா?”

“நாலும் வேண்டாம், டாம்சனும் இன்னொண்ணும் போதும். குட்டி போட்டா அங்கேயே போடட்டும். பத்து வருஷம் எல்லாத்தையும் கீழ வச்சா அப்புறம் மலைக்குதிரைன்னு ஒண்ணு இருக்காது.”

“ரெண்டுதானே? நான் அதிகாரிங்ககிட்ட பேசி வைக்கிறேன். என் பொறுப்பு.”

அவன் கையை நீட்டினான். டெரிக் எழுந்து குலுக்கினான். இடுப்பு வலியில் முகம் சுளித்தபடியே ஐவியைப் பார்த்துத் தலையசைத்தான். கை குலுக்கிய பிறகு எழுதிக் கேட்பது எதிராளியைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம். அந்தப் பள்ளத்தாக்கில் எவரும் அதைச் செய்ததில்லை. ஐவியும் செய்யவில்லை. மறுநாள் கையெழுத்திட்டாள்.

மே மாதத்தில் மலையைப் பார்வையிட வந்த இளம் அதிகாரி மிகவும் பணிவானவள்.

“மிசஸ் கேப்ஸ்டிக், ஒப்பந்தத்துல குதிரைன்னு தனியா எதுவும் இல்லைங்க. எழுத்துல இல்லாததை நான் எப்படி விட முடியும்?”

“கோர்டன் உங்ககிட்ட பேசலையா?”

“எதைப் பத்திங்க?”

கோர்டனைக் கேட்டபோது, அவன் வேலிக்கம்பியை முறுக்குவதை நிறுத்தவில்லை. “கேட்டுப் பார்க்கிறேன்னுதானே சொன்னேன். கேட்க வாய்ப்பு வரல. பத்து வருஷம் கண்ண மூடித் திறந்தா ஓடிரும்.”

ஐவியும் ஜில்லும் டாம்சனையும் மற்ற மூன்றையும் இறக்கினார்கள். கீழ்வயலில் நான்குக்குப் புல் போதாது. இரண்டை விற்க வேண்டியதாயிற்று; மூன்றாவது சில ஆண்டுகளில் நோயில் இறந்தது. டாம்சன் முதல் குளிர்காலம் முழுவதும் மலைக்கதவின் மேல் தாடையை வைத்து நின்றது. மறு ஆண்டு அங்கேயே கடைசிக் குட்டியை ஈன்றது. அதற்கு ரோவன் என்று பெயரிட்டார்கள்.

சங்கத்தின் ஒவ்வொரு வசந்தகாலக் கூட்டத்திலும் ஐவி எழுந்து அதே கோரிக்கையை அதே சொற்களில் வைத்தாள். டாம்சனையும் ரோவனையும் ஒரு கோடைக்காவது மேலே விடுங்கள். தாய் காட்டட்டும், மகள் பார்க்கட்டும். தனது கோரிக்கை கூட்டக் குறிப்பில் ஏற்றப்பட்டதா என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே அமர்வாள். சில ஆண்டுகளில் அது ஊரின் வேடிக்கையாகிவிட்டது.

“டீக்குத் தண்ணி வைங்கப்பா, ஐவி எந்திரிக்கப் போறா.”

“குதிரைக்குப் பல்லு போச்சாம், இவளுக்கு வாய் போகலையே.”

டாம்சன் ஒன்பதாம் ஆண்டின் பிப்ரவரியில், கதவருகே படுத்தது, பிறகு எழவில்லை. டெரிக் ஊன்றுகோலுடன் வந்து அதன் அருகே நின்றான். “கை குடுத்தானேன்னு நம்பிட்டேன் புள்ள” என்றான். ஐவியும்தான் நம்பியிருந்தாள்.

பத்தாண்டுகள் முடிந்த மே மாதக் காலையில் கோர்டனே வந்து கதவைத் திறந்து, தொப்பியைக் கழற்றி நாடகத்தில்போலக் குனிந்தான்.

“இந்தா, உன் மலை. இனிமேலாவது சிரி.”

ரோவனும் அதன் இரண்டு மகள்களும் கதவைத் தாண்டிச் சில அடிகள் சென்று, புதர்ப்பூவை முகர்ந்துவிட்டுத் திரும்பி வந்து வயலைப் பார்த்து நின்றன.

ரோவனைத் தானே கொண்டுபோய்க் காட்டிவிட ஐவி முடிவு செய்தாள். அவளுக்கு அறுபத்தைந்து வயது. ஆயினும் சேணத்தில் இன்னும் நேராக உட்கார்ந்தாள். சிறியவை இரண்டும் பின்தொடர்ந்தன. இரண்டாம் ஓடையைக் கடந்ததும், பழக்கத்தினால், கடிவாளத்தைத் தளர விட்டாள். ரோவன் நின்றுவிட்டது. கழுத்தைத் திருப்பி, கட்டளைக்காகக் காத்திருந்தது.

எதிரே கோரைத் திட்டு. அதற்கு இடப்பக்கமா, வலப்பக்கமா? இந்த வழியில் இருபது முப்பது ஆண்டுகள் போய்வந்திருக்கிறாள். ஆனால் போனது டாம்சனின் கால்கள், அதற்கு முன் அதன் தாயின் கால்கள். அவள் உட்கார்ந்து மட்டுமே இருந்தாள். காப்பாற்ற வேண்டும் என்று ஆண்டுதோறும் எழுந்து நின்று கேட்ட அந்த அறிவு அவளிடமும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புலப்பட்டது. வலப்பக்கம் திருப்பினாள். நான்காம் அடியில் ரோவன் வயிறு வரை சேற்றில் இறங்கியது. உதைத்து, முனகி, எப்படியோ கரையேறிய குதிரை அதன் பிறகு மேலே ஓர் அடியும் வைக்கவில்லை. கீழே வரும் வழியில் மட்டும் அது ஓட்டமாகவே வந்தது.

கோடை முழுவதும் காலையில் அவற்றை மேலே ஓட்டினாள். மாலையில் அவை கதவருகே நின்றன.

“பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைங்க மாதிரி நிக்குதுங்க பாரும்மா” என்றாள் ஜில்.

“குளிர் வரட்டும். உடம்புக்கே தெரியும்” என்றாள் ஐவி. அதைத் தானே நம்பவில்லை.

டிசம்பரில் ஒரு நண்பகல் வடகிழக்குக் காற்று எழுந்தது. பனி கிடைமட்டமாக அடித்தது. ஐவியும் ஜில்லும் சுவரைத் தடவிக்கொண்டே ஏறி, படிக்கற்களில் அதைத் தாண்டி மலைப்பக்கம் இறங்கினார்கள். மூன்று குதிரைகளும் கதவையொட்டிய மூலையில், சுவருக்கு முதுகைக் காட்டி, தலை தாழ்த்தி நின்றன. பனி முழங்கால் வரை குவிந்திருந்தது, கண்ணெதிரே ஏறியது.

ஜில் கையை வீசிக் கத்தினாள். ஐவி ரோவனின் தலைக்கயிற்றைப் பிடித்து முகட்டை நோக்கி இழுத்தாள். சிறிது தூரம் வந்தன. ஒரு பெருங்காற்றில் மூன்றும் ஒருசேரத் திரும்பி அதே மூலைக்கு ஓடின. மறுபடியும் இழுத்தாள். மறுபடியும் ஓடின. மூன்றாம் முறை ரோவன் கயிற்றைப் பறித்துக்கொண்டு போக, ஐவி பனியில் முழந்தாளிட்டு விழுந்தாள்.

“விடும்மா. ராத்திரிக்குள்ள மூடிரும் அதுங்கள.”

“இன்னும் ஒரு தடவை பாக்கலாம்.”

“எத்தனை தடவைம்மா? அதுங்களுக்குத் தெரியல. அவ்வளவுதான்.”

ஐவி எழுந்து ஆடையைத் தட்டிக்கொண்டாள். கதவின் கொக்கி உறைந்திருந்தது. கையுறையைக் கழற்றி உள்ளங்கையால் பொத்திச் சூடாக்கினாள். குதிரைகள் மேலே போவதற்காக அவள் பத்தாண்டுகளாகத் திறக்கச் சொன்ன கதவு. இழுத்துத் திறந்ததும், எவரும் ஓட்டாமலே, மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வயலுக்குள் இறங்கி உலர்புல் தொட்டியை நோக்கிச் சென்றன.

அவள் கதவைச் சாத்தி, கொக்கியை மாட்டி, மேல் சங்கிலியையும் சுற்றினாள். காற்று ஒரு கணம் விலகியபோது முகடு தெரிந்தது. பனி துடைக்கப்பட்டுப் புல் வெளியே கிடந்தது. அங்கே ஒரு குதிரையும் இல்லை.