சோறு வரும் என்று உட்கார்ந்திருந்தவர்

1. மாடி

சாலை மறியல் தொடங்கி நான்காம் நாள். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் முழுக்கப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. சேலம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வந்து சேர்ந்த பஸ்கள் அங்கேயே நின்றன. கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டன. எங்கள் ஓட்டலிலும் கீழே இருந்த மெஸ் மூடியிருந்தது. மாடி ஏ.சி. ரூமுக்குப் பின்பக்கம் தனி வழி உண்டு என்பதால் அதை மட்டும் திறந்து வைக்கச் சொல்லியிருந்தார் முதலாளி.

அந்த ஏ.சி. ரூமுக்கு, ஆர்டர் எடுத்துப் பரிமாறுவதைப் பார்த்துக்கொள்ளும் கேப்டன் நான்தான். மெட்ராஸில் பெரிய ஓட்டல் ஒன்றில் ஒன்பது வருஷம் ஸ்டூவர்டாக இருந்தவன். தட்டை எந்தப் பக்கம் வைக்க வேண்டும், எந்தப் பக்கம் எடுக்க வேண்டும், நாப்கினை எத்தனை விதமாக மடிக்கலாம் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அங்கே தட்டு பெரிதாக இருக்கும், அதில் இருக்கும் சாப்பாடு உள்ளங்கை அளவு இருக்கும். அதைக் கொண்டுபோய் வைப்பதற்குள் ஆயிரம் பணிவு. ஒன்பது வருஷம் நின்றதில் காலில் நரம்பு சுருண்டுகொண்டதுதான் மிச்சம். சலித்துப்போய் ஊர்ப்பக்கம் வந்தால், ரைஸ் மில் வைத்திருந்த எங்கள் முதலாளி அதே வேஷத்தை இங்கேயும் போடச் சொன்னார்.

"இன்னா கந்தசாமி, மெட்ராஸ் மாதிரியே இருக்கணும். கோட்டு, டை எல்லாம் போட்டுக்கினுதான் நிக்கணும். எவனாச்சும் மேல வந்து சாம்பார் கேட்டான்னா கீழ அனுப்பிடு."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்கு அப்போது தெரியவில்லை. தெம்பும் இல்லை.

2. ஒரு தக்காளி சூப்

அன்று காலை பத்தரை மணிக்கு மாடிப்படியின் கீழே குழாயில் யாரோ கால் கழுவும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஈரக் காலோடு மேலே வந்தார். தோளில் துண்டு, காலில் செருப்பு இல்லை. கண்ணாடிக் கதவை எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் நின்றார். நான் திறந்துவிட்டேன்.

அவரைப் பற்றிப் பின்னால் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயர் பொன்னன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு ஊர். பெண்ணை வடக்கனந்தலில் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் பிரசவத்துக்காகக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இருந்தாள். குழந்தை பிறந்துவிட்டது, ஆனால் தாய்க்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. செய்தி கேட்டு, பஸ் இல்லாததால் மலையிலிருந்து முதல் நாள் காலை நடக்க ஆரம்பித்தவர் இரவெல்லாம் நடந்து வந்து சேர்ந்திருக்கிறார். மருமகன் ரத்தம் சேரவில்லை, இவர் ரத்தம் சேர்ந்தது. வெறும் வயிற்றோடு எடுக்க முடியாது, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வா, பன்னிரண்டு மணிக்குள் ஏற்றியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஊர் முழுக்க அலைந்துவிட்டு, திறந்திருந்த ஒரே கதவைப் பார்த்து என்னிடம் வந்திருக்கிறார்.

எனக்கு அது எதுவும் தெரியாது. மெனு கார்டை விரித்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க குடுக்கறதக் குடுங்க சாமி" என்றார்.

எங்கள் பழக்கப்படி முதலில் சூப். தக்காளி சூப் என்று எழுதி கிச்சனுக்கு அனுப்பினேன். வந்தது. குடித்தார். துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மெட்ராஸில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முக்கியமான பாடம், கஸ்டமர் கூப்பிடாமல் கிட்டே போகக் கூடாது என்பது. அடுத்தது என்ன வேண்டும் என்று அவராகச் சொல்ல வேண்டும். அதனால் ஆறடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. அவர் கிச்சன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கால் கடுத்தது.

பாடத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டால் அது பொய். இவரால் இதற்குமேல் வாங்க முடியாது, ஏ.சி. காற்றுக்காக உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். பெருந்தன்மையாக விட்டுவைத்திருப்பதாக வேறு எனக்கு நினைப்பு.

பதினொன்றரைக்குப் பாக்கியம் அக்கா மேலே வந்தாள். கீழே மெஸ்ஸில் சமையல் அவள்தான். ஸ்டாண்டில் மாட்டிக்கொண்ட பஸ் டிரைவர்களுக்காக ஷட்டருக்குப் பின்னால் சத்தம் இல்லாமல் உலை வைத்திருந்தாள். பிரிட்ஜில் இருந்த தயிரை எடுக்க வந்தவள் அவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னாண்ணே, மூஞ்செல்லாம் வெளுத்துக் கெடக்குது? சாப்ட்டியா?"

"சாறு குடுத்தாங்கம்மா. சோறு வரும்னு பாத்துக்கினு இருக்கேன்" என்றார் அவர். பிறகு மெதுவாக, "பன்னெண்டுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போவணும். எம் பொண்ணுக்கு ரத்தம் குடுக்கணும்" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டா கந்தசாமி, இவ்ளோ நேரம் இன்னா புடுங்கிக்கினு இருந்த? பசியோட வந்து குந்துன மனுசன நின்னு வேடிக்கை பாக்கறதுக்கா ஒனக்குக் கோட்டு?"

அவர் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போனாள். இலையைப் போட்டாள். என்ன வேண்டும் என்று அவள் கேட்கவே இல்லை. சோற்றைக் கொட்டி, சாம்பாரை ஊற்றி, இலையின் ஓரம் காலியாகக் காலியாக அடுத்ததை வைத்துக்கொண்டே போனாள். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். பக்கத்தில் இருந்த டிரைவர் தன் அப்பளத்தை எடுத்து அவர் இலையில் வைத்தார்.

3. சைக்கிள்

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். அவரை என் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து மிதித்தேன். கோட்டைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. முச்சந்தியில் மறியல்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"யாருய்யா அது, மறியல்ல மாப்ள ஊர்வலம்?" என்று ஒருவன் சிரித்தான்.

"ஆஸ்பத்திரிக்குப்பா. ரத்தம் குடுக்கப் போறாரு" என்று கத்தினேன்.

சிரித்தவனே எழுந்து குறுக்கே போட்டிருந்த கட்டையை நகர்த்தினான். "போங்க, போங்க, சீக்கிரம் போங்க" என்று இரண்டு பேர் கொஞ்ச தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடிவந்தார்கள்.

நேரத்துக்குப் போய்விட்டோம். ரத்தம் எடுத்து முடித்து, கையை மடக்கிக்கொண்டு வெளி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார் பொன்னன். பக்கத்தில் உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது. மனசு கேட்காமல் கேட்டேன்.

"ஏங்க, சோறு குடுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஒரு மணி நேரமா எதுக்குங்க சும்மா இருந்தீங்க?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். கோபம் கொஞ்சமும் இல்லை.

"குந்த வெச்சீங்க, சாறு குடுத்தீங்க. அதுக்கப்புறம் சோத்தயும் வாயத் தொறந்து கேக்கறதா? எங்கூர்ல அப்படிக் கேட்டா வூட்டுக்காரங்களுக்குக் கேவலங்க. உங்களுக்கு எதுக்குக் கேவலம்னுதான் இருந்தேன்."

கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ரத்தம் ஏற்றிய மூன்றாம் நாள் பொன்னனின் பெண் எழுந்து உட்கார்ந்தாள். அன்றைக்கே முதலாளியிடம் போய், என்னைக் கீழே மெஸ்ஸுக்கு மாற்றுங்கள் என்றேன். "கேப்டனா இருந்தவன் சாம்பார் வாளி தூக்கப் போறியா, பைத்தியமாடா ஒனக்கு?" என்று திட்டினார். தூக்கினேன். அப்புறம் ரிட்டயர் ஆகும் வரை கீழேதான். கால் வலி குறையவில்லை, அது பாட்டுக்கு இருக்கிறது.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் கேட்டரிங் காலேஜில் படித்துவிட்டு வருகிறார்கள். என்னைவிட நன்றாக நாப்கின் மடிப்பார்கள். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். வந்து உட்காருகிறவரின் முகத்தை முதலில் பாருங்கள். எனக்கு மெட்ராஸில் நல்ல ஸ்டூவர்டு என்று சர்ட்டிபிகேட்டே கொடுத்தார்கள். ஆறடி தூரத்தில் ஒருவர், எனக்குக் கேவலம் வரக் கூடாது என்று பசியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பசிக்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை.