ஆயாவின் வலது கை

என் ஆயாவின் கையைக் கட்ட விட்டவள் நான்தான். செபம் செய்துகொண்டிருந்த கை அது. தெரிந்தேதான் கட்ட விட்டேன்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னை வெறுத்தால் வெறுத்துக்கொள்ளுங்கள். நல்லவள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்... அதைக் கேட்டுக் கேட்டுத்தான் செத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆயா, என் பாட்டி, காஞ்சிபுரத்தில் தேரடிக்குப் பக்கத்தில் பூ விற்றவள். காலைப் பூசைக்கு மாதா கோவிலில் முழங்கால் போட்டுவிட்டு நேரே பூக்கூடைக்கு வருவாள். கை எப்போதும் நாரில் இருக்கும்; செபமாலை பிடிக்க ஏது கை? அதனால் அவளே ஒரு வழி வைத்திருந்தாள். ஒரு முடிச்சுக்கு ஒரு ‘அருள் நிறைந்த மரியே’. பத்து முடிந்ததும் மல்லிகைக்கு நடுவே ஒரு கனகாம்பரம். அது செபமாலையில் பத்து மணிக்கு ஒருமுறை வரும் பரலோக மந்திரத்துக்கு. வாங்குகிறவர்கள் அழகுக்கு வைத்தது என்றே நினைத்தார்கள். அம்மன் கழுத்திலும், பட்டுக்கடைப் பெண்களின் கொண்டையிலும் ஆயாவின் செபம்தான் மணத்தது!

“இன்னா ஆயா, வாய்க்குள்ளயே திட்டற?” என்பாள் தறிக்காரர் வீட்டு அக்கா ஒருத்தி.

“உனக்கும் சேத்துதான்மா வேண்டிக்கினு இருக்கறேன். பேரம் பேசுனா பாதியில நிறுத்திடுவேன்!”

அந்தப் பூவில்தான் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குள் எவ்வளவு ஊறியிருந்தது என்று ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது.

பக்கவாதம். ஆயாவின் இடப்பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணி, பேச்சு குழறி, பிறகு நின்றே போயிற்று. உள்ளே ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள்.

“நீ படிச்சவ. டாக்டருங்க சொல்றது உனக்குதான் புரியும், நீயே இரு” என்று அம்மா வெளியே நின்றுகொண்டாள்.

ஆயாவின் வலது கை மட்டும் ஓயவே இல்லை. கட்டைவிரல் சுற்றும், ஆள்காட்டி விரல் இழுக்கும். சுற்றும்... இழுக்கும்... அதில் மருந்து ஏறும் ஊசி நழுவியது. நர்ஸ் மறுபடி குத்தினாள். மறுபடி நழுவியது.

டாக்டர் வந்தார். நான் ஆங்கிலத்தில் விவரம் சொன்னேன்.

“நல்லா பேசறீங்களே” என்றார். எனக்கு உள்ளே குளிர்ந்தது. ஆயா சாகக் கிடக்கையில்!

“பாட்டி என்ன வேலை செஞ்சாங்க? கை ஏன் இப்படி ஓடுது?”

பூக் கட்டினாள் டாக்டர், இப்போது செபமாலை சொல்கிறாள்... இவ்வளவுதானே சொல்லியிருக்க வேண்டும்? தெருவில் பூ விற்றவளின் பேத்தி என்று, ஆங்கிலம் பேசிய அந்த வாயால் சொல்ல வரவில்லை.

“வேலையெல்லாம் இல்ல, வீட்டுலதான். கை ஏன்னு தெரியல.”

“மூளை பாதிப்பு. அதுவா ஆடுது. கட்டிடலாமா?”

தலையாட்டினேன். ஊசியை இன்னொரு கையில் போட முடியுமா என்றுகூடக் கேட்கவில்லை.

நர்ஸ் துணியால் மணிக்கட்டைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள். ஆயா என்னையே பார்த்தாள். துணிக்குக் கீழே விரல்கள் கொஞ்ச நேரம் துடித்தன. பிறகு நின்றன. எந்த முடிச்சில் நின்றாள்? கனகாம்பரம் வைக்க இன்னும் எத்தனை பாக்கி இருந்தது?

மறுநாள் காலையில் போய்விட்டாள்.

அம்மா உள்ளே வருமுன் கட்டை அவிழ்த்தேன். பையிலிருந்த செபமாலையை எடுத்து அந்த விரல்களில் சுற்றினேன். ஏன் செய்தேன்? பாசமா? செய்ததை மறைக்கவா? தெரியவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

“பாத்தியாடி! கடைசி மூச்சு வரைக்கும் செபமால சொல்லிக்கினே போயிருக்குது!” என்று அம்மா அந்தக் கையை முத்தமிட்டாள்.

“ஆமாம்மா.”

“மணிக்கட்டுல இன்னாடி, செவந்துக்கினு இருக்குது?”

“ஊசி போட்டது.”

கல்லறைத் திருநாள் வந்தால் அம்மா எல்லோரிடமும் இந்தச் சாவைப் பற்றித்தான் பெருமையாகச் சொல்கிறாள். நான் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு நிற்கிறேன். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன், கோபப்பட்டேன், பூசைக்கு வரவில்லை என்கிறேன். இது மட்டும் தொண்டையைத் தாண்டுவதில்லை. அதனால்தான் முகம் தெரியாத உங்களிடம்...

சென்ற வாரம் அம்மா பூக் கட்டிக்கொண்டே சொன்னாள்: “ஆயாவுக்கு வந்த சாவு மாதிரி எனக்கும் வரணும்டி. அப்ப வேற யாரும் வேணாம், நீயே பக்கத்துல இரு. நீதான் ஆயாவ அவ்ளோ நல்லா பாத்துக்கினியே.”

தலையாட்டினேன். அன்று டாக்டரிடம் ஆட்டிய அதே தலை.