கிட்டிப்புள் பட்ட கண்

என் மாமியாருக்குப் பொய், வெற்றிலை மாதிரி. வாய் சும்மா இருந்தால் பிடிக்காது. ஆழ்வார்திருநகரிக்கு என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் கண்ணாடிக் கண்ணுக்கு அவர் சொன்ன காரணம், பத்து வயதில் கிட்டிப்புள் பட்டது. கல்லூரியில் விலங்கியல் நடத்திய நானும் தலையாட்டினேன்.

மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலை, முத்தையாபுரத்தில் வீடு. எழுபதுகளின் நடுவில் மகள் பிறந்தாள். பத்து மாதமானபோது விளக்கு வெளிச்சத்தில் அவளுடைய வலது கண்மணி வெள்ளையாக மின்னியது.

“ஏளா, பிள்ள கண்ணுல முத்துல்லா இருக்கு! யோகக்காரி,” என்றார் மாமியார். அந்த யோகத்தை நம்பி ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

சென்னையில் டாக்டர் பார்த்துவிட்டு, புற்றுநோய்க் கட்டி, கண்ணை எடுக்க வேண்டும் என்றார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார். “உங்க கண் எப்படிப் போச்சு?”

“கிட்டிப்புள்ளு பட்டுட்டு சார்,” என்று மாமியார் முந்திக்கொண்டார். கணவர் தரையைப் பார்த்தார். அதைப் படித்தவரின் அடக்கம் என்று நினைத்தேன், மடச்சி.

“நல்லவேளை. பரம்பரையா இருந்தா அடுத்த கண்ணையும் விடாம பாக்கணும்,” என்றார் டாக்டர்.

கண்ணை எடுத்து ஊர் திரும்பினோம். என் அழுகை மாமியாருக்குச் சீக்கிரமே அலுத்துப்போனது. “எதுக்குளா ஒப்பாரி? இவனுக்கும் ஒரு வயசுல கட்டின்னுதான் கண்ண எடுத்தாவ. செத்தா போயிட்டான்?”

அன்று மாலையே பிள்ளையோடு மறுபடி சென்னைக்கு ரயில் ஏறினேன். அடுத்த கண்ணில் கடுகளவில் இரண்டு கட்டிகள் இருந்தன.

டாக்டர் விளக்கினார். செல் தறிகெட்டுப் பெருகாமல் தடுக்கும் மரபணு, சைக்கிள் பிரேக் மாதிரி இரண்டு பிரதியாக இருக்கும். அப்பன் கொடுத்தது பழுது. நான் கொடுத்தது மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு செல்லில் அதுவும் போனதும் நிறுத்த ஆளில்லை. செல் பிரிந்துகொண்டே போகும். குரோமோசோம்கள் கூடியும் குறைந்தும் உடைந்தும் பங்காகி, அடுத்து வரும் செல்கள் இன்னும் கெட்டுப்போகும். அந்த மரபணு எதுவென்று பின்னால்தான் கண்டுபிடித்தார்கள். செல் பிரிதலை வருடாவருடம் கலர் சாக்பீஸில் வரைந்தவள் நான். எதிரே உட்கார்ந்து சோறு தின்ற கண்ணாடிக் கண்ணைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. என் படிப்பின் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

கதிர்வீச்சு கொடுத்து அந்தக் கண்ணைக் காப்பாற்றினார்கள்.

ஊர் திரும்பி, வீட்டு வாசலில் ரிக்‌ஷாவை விட்டு இறங்கினேன். மாமியாரும் கணவரும் வெளியே வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பதறி, என்ன ஆச்சு என்றாள்.

“கிட்டிப்புள்ளு பட்டுட்டு,” என்றார் மாமியார்.

நடக்கக்கூடத் தெரியாத என் மகள் கிட்டிப்புள் விளையாடப் போனாளாம்! கணவர் இந்த முறையும் தரையைத்தான் பார்த்தார்.

“கட்டி. இவ அப்பாகிட்டருந்து வந்தது,” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.