நான் சொன்ன ‘சரிங்க’

“ஆறுங்க… ரெண்டுங்க… ஏழுங்க… சைபருங்க… நாலுங்க.” எண்ணுக்குக்கூட மரியாதை கொடுத்துப் போனில் படித்த ஒரே மனுஷி அந்த அக்காதான். தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் ஒரு விதைக் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் நான் வேலை பார்த்தேன். அக்கா அதே கம்பெனியின் கோபிசெட்டிபாளையம் கிளையில் ஆபரேட்டர்.

தினமும் அங்கிருந்து ஒரு ஃபிளாப்பி பஸ் கண்டக்டர் கையில் வரும். வெயிலிலும் குலுக்கலிலும் உள்ளே இருப்பது கெடாமல் வந்ததா என்று பார்க்க எங்களுக்கு ஒரு வழி இருந்தது. அக்கா கறுப்புத் திரையில் sum என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுப்பார். ஐந்து இலக்க எண் ஒன்று வரும். வந்து சேர்ந்த கோப்புக்கு நானும் இங்கே அதையே செய்வேன். உள்ளே ஓர் எழுத்து பிசகியிருந்தாலும் என் எண் வேறாகிவிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் “சரிங்க” என்பேன். அதைக் கேட்ட பிறகுதான் அக்கா தன் பக்கம் இருப்பதை அழிப்பார். அந்த மெஷினில் இடம் அவ்வளவுதான்.

அக்காவுக்கு ஒரே மகள். ஐந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் பேச ஆரம்பித்த நாளிலிருந்து சொன்னதையெல்லாம் அக்கா சாப்பாட்டு வேளையில் ஆபீஸ் மெஷினில் தட்டி வைத்திருந்தார். தமிழ் எழுத்து அதில் கிடையாது. ஆங்கில எழுத்தில்தான் தமிழ். “வாய்க்கா தண்ணிக்கு லீவே உடமாட்டாங்களாம்மா?” என்று அவள் கேட்டதை ஒரு நாள் எனக்குப் போனில் படித்துக் காட்டியிருக்கிறார்.

கிளைக்குப் புது மெஷின் வந்தது. பழையதை எடுத்துப்போகிறவர்கள் அன்று வருவதாக இருந்தது. மகளின் கோப்பை அக்கா காலை பஸ்ஸிலேயே எனக்கு அனுப்பிவிட்டார். நான் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். அன்னியர் கண்ணில் படாமல் அங்கிருப்பதை அவர் அழித்துவிட வேண்டும்.

“எழுதிக்கிறீங்களா அம்மணி?” என்று எண்ணைப் படித்தார். ஒவ்வோர் இலக்கத்துக்கும் “சரிங்க” போட்டேன். எங்கள் ஊர்ப் பக்கம் காதில் விழுகிறது என்பதற்கும் அந்தச் சொல்தான். கடைசி இலக்கத்துக்கும் என் வாயில் ஒரு “சரிங்க” வந்தது. எழுதிக்கொண்டேன், இனிமேல்தான் பார்க்கப் போகிறேன் என்ற அர்த்தத்தில். “ரொம்ப சந்தோசமுங்க” என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

ஃபிளாப்பியைப் போட்டுத் தட்டினேன். எண் வேறு. மறுபடி தட்டினேன். வேறுதான். கோபிக்கு லைன் கிடைக்க ஒரு மணி நேரம் ஆனது.

“அக்கா, அழிச்சிராதீங்க!”

“நீங்க சரின்னீங்களே அம்மணி. அப்பவே அழிச்சுப்போட்டனுங்க. மெசினும் வண்டியேறிப் போயிருச்சுங்க.” பிறகு, “பரவாயில்லீங்க,” என்றார். அதற்கு என்னைத் திட்டியிருக்கலாம். அழித்ததைத் திரும்ப எடுக்க அந்த மெஷினில் வழி கிடையாது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

இன்றைக்கும் எதை நகலெடுத்தாலும் இரண்டு எண்களையும் தாளில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பார்க்கிறேன். உடன் வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். என்னை நான் மன்னிக்கவில்லை.

அது நடந்த அடுத்த வாரமே அக்கா நேரில் வந்தார். கோப்பின் முற்பாதிதான் படிக்கும்படி இருந்தது. அதற்குமேல் வெறும் கிறுக்கல். உருப்படியாக வந்த ஆறு பக்கங்களை அச்சடித்து வைத்திருந்தேன். நின்றபடியே விரல் வைத்துப் படித்தார். நடுவில் சிரிக்கக்கூடச் செய்தார். கடைசி வரி, “அம்மா, நான் பெருசானா உன்னைய” என்பதோடு நின்றிருந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

“எழுதி வெச்சிருக்கறமேன்னு மனசுல வெச்சுக்காம உட்டுப்போட்டனுங்க அம்மணி,” என்றார். “என்னைய என்ன பண்றேன்னு சொன்னாள்னு ஞாபகமே வரலீங்களே.”