மாமியார் நர்ஸ்

"அம்மா, கொஞ்சம் வெளிய இருங்க. உங்க பொண்ணுக்கு வாய் இருக்கு, நான் பார்த்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார் அந்த நர்ஸ். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கைபேசியைத் தட்டத் தொடங்குகிறார். எதிரே நிற்கிற பெண் தயங்கித் தயங்கி, "டாக்டர்..." என்கிறாள். அவர் நிமிரவே இல்லை. "ம், என்ன உடம்புக்கு?"

"இல்ல, வந்து..."

"போச்சு. வரிசையில அடுத்த ஆள் உள்ள வந்தாச்சு. மறுபடி முதல்லேர்ந்து."

இது ஒத்திகை; டாக்டர் வேஷம் நர்ஸுக்கு. குழந்தைகள் புற்றுநோய் வார்டின் கோடியில், துவைத்த போர்வைகளை அடுக்கும் அறையில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நடப்பது. பதினெட்டு வயதாகிவிட்டால் இந்த வார்டில் இடமில்லை. சாலையைத் தாண்டி பெரியவர்கள் கட்டடத்துக்குத்தான் போக வேண்டும். இங்கே டாக்டர் கன்னத்தைத் தட்டிவிட்டு, காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று அம்மாவைக் கேட்பார். அங்கே கன்னத்தைத் தட்ட ஆளில்லை. எது வலிக்கிறது என்று அவரவர்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

மாமியார் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். கட்டடம் மாறவிருந்த ஒருத்தி, "பொறந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போதே மாமியார் மாதிரி இவ்வளவு குத்தம் சொல்றீங்களே" என்று சிணுங்கியதில் பிறந்து ஒட்டிக்கொண்டது. அவருக்கும் பிடித்துப்போயிற்று. "மாமியார் வந்தாச்சு, போத்திக்கிட்டுப் படுத்திருக்கறவங்கல்லாம் எழுந்திரிங்க" என்றபடிதான் வார்டுக்குள் நுழைவார். "பாவம்" என்ற சொல் மட்டும் அவர் காதுக்கு ஆகாது. பார்க்க வந்த உறவினர் ஒருவர் உச்சுக்கொட்டிச் சொல்லிவிட, "வாயைக் கொப்பளிச்சிட்டு உள்ள வாங்க" என்று குழாயடியைக் காட்டியவர்.

இந்த ஒத்திகைப் பிடிவாதத்துக்குக் காரணம் ஒரு பையன். நோய் போய், எல்லோரும் கைதட்டி வழியனுப்பிய பையன். எதிர்க் கட்டடத்துக்கு ஒரே ஒரு தடவை போனான். அங்கே யாருக்கும் அவனைத் தெரியவில்லை, என்ன கேட்பதென்று அவனுக்கும் தெரியவில்லை. திரும்பி வந்தவன் பிறகு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. உயிரைக் காப்பாற்றிய மருந்தே சத்தமில்லாமல் அவன் இதயத்தை அரித்துக்கொண்டிருந்தது தெரிய வந்தபோது வருடங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் இருக்கிறான். ஆனால் மாடிப்படியில் பாதி ஏறியதும் கைப்பிடியைப் பிடித்து நின்றுவிடுகிறான்.

"பதினெட்டு முடிஞ்சா நம்ம பொறுப்பு முடிஞ்சுது. இது உங்க வேலை இல்லை" என்று தலைமை நர்ஸ் கண்டித்துப் பார்த்தார்.

"வேலை இல்லைன்னுதான் மேடம் சாப்பாட்டு நேரத்துல பண்றேன்."

போர்வை அறையில் திணறிய அந்தப் பெண்ணின் முறை வந்தது. சின்ன வயதில் ரத்தப் புற்றுநோயோடு வந்தவள். அவளிடம் பெயர் கேட்டால்கூட அம்மாதான் பதில் சொல்வாள். பெரியவர்கள் கட்டடத்தில், டாக்டர் அறையின் வாசலிலேயே அம்மாவை நிறுத்தினார் மாமியார்.

"ராத்திரியெல்லாம் இவளுக்கு மூச்சு வருதான்னு பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தவ நான். இன்னைக்கு நான் வெளிய நிக்கணுமா?"

"யாரு நிக்கச் சொன்னா? உக்காருங்க."

பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே டாக்டரின் குரலில் காலையிலிருந்து பார்த்த கூட்டத்தின் அலுப்பு. "அதான் குணமாயிடுச்சே, இங்க எதுக்கு வந்தே? யாரு கூட வந்திருக்கா? அம்மாவைக் கூப்பிடு."

"அம்மா வர மாட்டாங்க சார். உடம்பு என்னோடது. என்கிட்டயே கேளுங்க."

வெளியே அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப குடுத்த மருந்துல ஒண்ணு பின்னாடி இதயத்தைப் பாதிக்கலாமாம். அப்பப்ப எக்கோ எடுத்துப் பார்க்கணும். எனக்கு எடுத்து ரொம்ப நாளாச்சு."

"மூச்சு வாங்குதா?"

"இல்லை சார்."

"அப்புறம் என்ன?"

அவள் குரல் உடைந்திருந்தது. "வாங்கறதுக்கு முன்னாடியே பார்க்கணும்னுதான் சார் வந்திருக்கேன். பார்க்காம போக மாட்டேன்."

மகள் குரல் உடைந்தது கேட்டதும் அம்மா விருட்டென்று எழுந்தாள். மாமியார் எழவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு காலை நீட்டி வாசலுக்குக் குறுக்கே போட்டார்.

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "உக்காருங்க. என்ன மருந்து, எப்போ குடுத்தாங்க? மொதல்லேர்ந்து சொல்லுங்க."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். மாமியார் நீட்டிய காலை மடக்கவில்லை.